லேபிளில் பெயர் உண்டு, நேரே விற்க உரிமை இல்லை: அமெரிக்க ஒயின் இறக்குமதியாளர்களின் நிலை

அமெரிக்காவில் விற்பனையாகும் ஒவ்வொரு வெளிநாட்டு ஒயின் பாட்டிலின் மீதும் அதனை இறக்குமதி செய்தவரின் பெயரும் ஊரும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பெயரைப் பார்த்து, நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, இதே ஒயினில் ஒரு பெட்டி அனுப்ப முடியுமா என்று கேட்கும் நுகர்வோருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் கிடைக்கக்கூடிய பதில் ஒன்றுதான்: உங்கள் பகுதிக் கடையில் விசாரித்துப் பாருங்கள்.

இதே நுகர்வோர் கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் உள்ள ஒயின் ஆலை ஒன்றை அழைத்தால் நிலைமை வேறு. அந்த ஆலை 45க்கும் மேற்பட்ட மாநிலங்களுக்குத் தனது ஒயினை வாடிக்கையாளரின் வீட்டு வாசலுக்கே அனுப்ப முடியும். உள்நாட்டு ஆலைக்குத் திறந்திருக்கும் கதவு வெளிநாட்டு ஒயினைக் கொண்டுவருபவருக்கு ஏன் மூடப்பட்டிருக்கிறது என்ற கேள்விக்கான விடை, அமெரிக்காவின் மதுவிலக்குக் காலத்தில் தொடங்குகிறது.

மதுவிலக்கு விட்டுச்சென்ற ஏற்பாடு

1920ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் தேதி அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய காலத்தில் பீர் ஆலைகளே பல மதுக்கூடங்களைத் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருந்தன. மதுக்கூடம் தொடங்க முதல், மேசை நாற்காலி, உரிமக் கட்டணம் என்று அனைத்தையும் ஆலை கொடுக்கும். பதிலுக்கு அந்த ஆலையின் பீரை மட்டுமே விற்க வேண்டும், அதுவும் அதிகமாக விற்க வேண்டும். கடனில் சிக்கிய மதுக்கூடக்காரர் எந்த வழியிலாவது விற்பனையைப் பெருக்க முயன்றார். மதுவிலக்கு இயக்கத்திற்கு வலுச் சேர்த்த காரணங்களில் இதுவும் ஒன்று.

1933ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி அரசியலமைப்பின் 21ஆவது திருத்தம் மதுவிலக்கை முடிவுக்குக் கொண்டுவந்தது. ஆனால் அதன் இரண்டாவது பிரிவு, ஒரு மாநிலத்தின் சட்டத்தை மீறி அம்மாநிலத்திற்குள் மதுவைக் கொண்டுவருவதைத் தடை செய்தது. அதாவது மதுவை எப்படி விற்பது, யார் விற்பது என்ற அதிகாரம் மாநிலங்களின் கைக்குச் சென்றது. ஒரே நாட்டில் ஐம்பது விதமான மதுச் சட்டங்கள் இருப்பதற்கு இதுவே அடிப்படை.

சில மாநிலங்கள் விற்பனையைத் தாமே ஏற்றன. பென்சில்வேனியாவில் ஒயினின் மொத்த வியாபாரி இன்றும் மாநில அரசுதான். மற்ற மாநிலங்களில் பெரும்பாலானவை, பழைய மதுக்கூட முறை திரும்பாதிருக்க, தொழிலை மூன்று அடுக்குகளாகப் பிரித்தன. தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும் முதல் அடுக்கு; மொத்த வியாபாரி இரண்டாம் அடுக்கு; கடைகளும் உணவகங்களும் மூன்றாம் அடுக்கு. ஓர் அடுக்கில் இருப்பவர் மற்றொன்றில் பங்கு வைத்திருக்கக் கூடாது என்பது பொது விதி.

இந்த ஏற்பாடு பீரை மனதில் வைத்து உருவானது என்பதைக் கவனிக்க வேண்டும். பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் ஆண்டுக்குச் சில நூறு பெட்டிகள் மட்டுமே தயாரிக்கும் ஒரு விவசாயக் குடும்பம், தன் ஒயினைக் காட்டி அமெரிக்கக் கடைக்காரர் எவரையும் அடிமைப்படுத்திவிட முடியாது. ஆனாலும் விதி அதற்கும் அதே விதிதான்.

ஒரு பாட்டிலின் பயணம்

இறக்குமதித் தொழிலில் இறங்க விரும்புபவர் முதலில் மத்திய அரசின் அனுமதியைப் பெற வேண்டும். 1935ஆம் ஆண்டின் கூட்டாட்சி மது நிர்வாகச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் இந்த அனுமதியை, 2003 முதல் நிதியமைச்சகத்தின் கீழ் இயங்கும் மது மற்றும் புகையிலை வரி வணிக அமைப்பு அளிக்கிறது. இதற்குக் கட்டணம் இல்லை; ஆனால் விண்ணப்பதாரரின் பின்னணி ஆராயப்படும். அடுத்து ஒவ்வொரு ஒயினின் லேபிளுக்கும் தனித்தனி ஒப்புதல் தேவை. ஆல்கஹால் அளவு, சல்ஃபைட் பற்றிய குறிப்பு, கர்ப்பிணிகளுக்கும் வாகன ஓட்டிகளுக்குமான அரசு எச்சரிக்கை, இறக்குமதியாளரின் பெயர் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும்.

இவ்வளவும் முடிந்து, சுங்கமும் கலால் வரியும் செலுத்தப்பட்டு, சரக்கு கிடங்கை அடைந்த பின்னர்தான் மாநிலச் சட்டம் குறுக்கிடுகிறது. இறக்குமதியாளர் ஒவ்வொரு மாநிலத்திலும் தன் ஒயினைப் பதிவு செய்து, அங்குள்ள மொத்த வியாபாரி ஒருவரை நாட வேண்டும். ஜார்ஜியா போன்ற சில மாநிலங்களில் ஒருமுறை மொத்த வியாபாரியை நியமித்துவிட்டால், அவர் சரியாக விற்கவில்லை என்றாலும் எளிதில் மாற்றிவிட முடியாது. மொத்த வியாபாரத்திலோ நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைந்து பெருத்துவருகின்றன. 2016இல் இரண்டு பெரும் நிறுவனங்கள் இணைந்து உருவான சதர்ன் கிளேசர்ஸ் நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இயங்குகிறது. ஆயிரக்கணக்கான ஒயின்களைக் கையாளும் இத்தகைய நிறுவனத்தின் விற்பனையாளர், ஐம்பது பெட்டி மட்டுமே உள்ள ஓர் ஒயினைப் பற்றிக் கடை கடையாகச் சென்று பேசிக்கொண்டிருக்க மாட்டார் என்பது புரிந்துகொள்ளக் கூடியதே.

விலையில் இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்பது கடினமல்ல. ஒரு பாட்டில் 10 டாலருக்குத் துறைமுகத்தை அடைகிறது என்றும், இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, கடைக்காரர் ஒவ்வொருவரும் தாம் கொடுத்த விலையில் மூன்றில் ஒரு பங்கைச் சேர்க்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். நுகர்வோர் கொடுப்பது ஏறக்குறைய 23 டாலர் 70 சென்ட். துறைமுகத்தில் 15 சதவீத இறக்குமதி வரி விதிக்கப்பட்டால் அரசுக்குச் செல்வது ஒன்றரை டாலர். ஆனால் அதே விகிதத்தில் மூன்று படிகள் ஏறியபின் கடையில் விலை ஏறுவது மூன்றரை டாலருக்கும் மேல். ஒப்புநோக்க, சாதாரண ஒயினுக்கான மத்திய கலால் வரி பாட்டிலுக்கு 21 சென்ட் அளவே.

வரி என்பது கற்பனையும் அல்ல. விமானத் தயாரிப்பு மானியங்கள் குறித்த தகராறில் 2019 அக்டோபர் முதல் 2021 மார்ச் வரை பிரான்ஸ், ஸ்பெயின், ஜெர்மனி, பிரிட்டன் நாடுகளின் பல ஒயின்கள் மீது 25 சதவீதக் கூடுதல் வரி இருந்தது. 2025இல் அதிபர் டிரம்ப் அவசரநிலை அதிகாரத்தின் கீழ் விதித்த வரிகளை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர்களில் முதல் மனுதாரராக இருந்தது நியூயார்க்கைச் சேர்ந்த வி.ஓ.எஸ். செலக்ஷன்ஸ் என்ற ஒயின் இறக்குமதி நிறுவனம். அவ்வாண்டு மே மாதம் சர்வதேச வர்த்தக நீதிமன்றம் அதற்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. விமானங்களுக்கோ எஃகுக்கோ தொடர்பில்லாத ஒரு சிறு ஒயின் வணிகர் இத்தகைய வழக்கில் முன்னிற்க நேர்ந்தது வியப்புக்குரியதல்ல. நேரடி விற்பனையால் வரிச்சுமையைக் குறைத்துக்கொள்ளும் வழி அத்தொழிலில் பெரும்பாலோருக்கு இல்லை.

கலிஃபோர்னியாவின் விதிவிலக்கு

எல்லா மாநிலங்களும் ஒரே மாதிரி அல்ல. ஒயினைப் பொறுத்தவரை இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, கடைக்காரர் ஆகிய மூன்று வேடங்களையும் ஒரே நிறுவனம் ஏற்பதைக் கலிஃபோர்னியா அனுமதிக்கிறது. அங்கு உரிமங்கள் எண்களால் அழைக்கப்படுகின்றன. 9ஆம் வகை உரிமம் ஒயினையும் பீரையும் மாநிலத்திற்குள் கொண்டுவருவதற்கு. அதை மட்டும் வைத்துக்கொண்டு விற்க முடியாது. 17ஆம் வகை மொத்த விற்பனைக்கு. 20ஆம் வகை, வாங்கிச் சென்று வேறிடத்தில் அருந்துவதற்கான சில்லறை விற்பனைக்கு. 17ஐயும் 20ஐயும் சேர்த்து வைத்திருக்கும் இறக்குமதியாளர்கள் உணவகங்களுக்கும் விற்கலாம், வீடுகளுக்கும் விற்கலாம். பொதுமக்கள் நுழையும் கடை எதுவுமின்றி இணையம், தொலைபேசி, அஞ்சல் வழியாக மட்டும் ஒயின் விற்க 85ஆம் வகை என்று ஒன்று தனியாக இருக்கிறது.

இந்தச் சட்ட அமைப்பு எத்தகைய வணிகத்திற்கு இடமளித்தது என்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, பெர்க்லி நகரில் 1972இல் கெர்மிட் லிஞ்ச் தொடங்கிய கடை. பிரான்சின் கிராமங்களுக்கு நேரில் சென்று சிறு உற்பத்தியாளர்களைத் தேடிப்பிடித்த அவர், அவர்களுடைய ஒயினைத் தானே இறக்குமதி செய்து, தன் கடையிலேயே விற்றார். எந்த ஒயின் எங்கிருந்து வருகிறது, அதைத் தயாரிப்பவர் யார் என்பதை விளக்கி அவர் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய மாதச் செய்திமடல் அத்தொழிலில் பெயர் பெற்றது. நாடு முழுவதும் மொத்த வியாபாரிகள் மூலமாக விற்கும் பெரிய இறக்குமதி நிறுவனமாக அது பின்னர் வளர்ந்தது. யாரும் கேள்விப்படாத ஒரு கிராமத்து ஒயினை முதன்முறையாக வாங்கத் துணியும் நுகர்வோருக்கு, அதைத் தேர்ந்தெடுத்தவரே நேரில் விளக்கம் அளிக்க முடிந்தது. இடையில் இருவர் நின்றிருந்தால் அந்த விளக்கம் கடை வரை வந்து சேர்ந்திருக்குமா என்பது சந்தேகமே.

ஆனால் கலிஃபோர்னியாவின் தாராளம் கலிஃபோர்னியாவின் எல்லையோடு முடிந்துவிடுகிறது. பெட்டி மாநில எல்லையைக் கடந்த கணத்திலிருந்து அதை ஆள்வது சென்று சேரும் மாநிலத்தின் சட்டம்.

2005 தீர்ப்பு தந்ததும் தராததும்

இணையம் பரவியபோது இந்த எல்லைகள் முதன்முறையாகப் பெரிய அளவில் சோதனைக்கு உள்ளாயின. 2003 ஜூலையில் மத்திய வர்த்தக ஆணையம் வெளியிட்ட அறிக்கை ஒன்று, வெர்ஜீனியாவின் மெக்லீன் பகுதியில் ஆராயப்பட்ட புகழ்பெற்ற ஒயின்களில் 15 சதவீதம் பத்து மைல் சுற்றளவிலுள்ள கடைகளில் கிடைக்கவில்லை என்றும், விலை உயர்ந்த ஒயின்களை இணையத்தில் வாங்குவது மலிவு என்றும் கண்டறிந்தது. மலிவான ஒயினுக்கு அனுப்பும் செலவே சேமிப்பை விழுங்கிவிடும் என்பதையும் அது மறைக்கவில்லை.

அப்போது மிச்சிகனிலும் நியூயார்க்கிலும் உள்ளூர் ஒயின் ஆலைகள் வீடுகளுக்கு ஒயின் அனுப்பலாம். வெளிமாநில ஆலைகளுக்கு மிச்சிகனில் அந்த உரிமை இல்லை. நியூயார்க்கிலோ அங்கு ஒரு கிளை அமைத்தால்தான் உண்டு. வெர்ஜீனியாவில் சிறிய ஒயின் ஆலை நடத்திய ஹுவானிடா ஸ்வீடன்பர்க் உள்ளிட்டோர் தொடுத்த வழக்குகள் உச்சநீதிமன்றம் வரை சென்றன. 2005ஆம் ஆண்டு மே 16ஆம் தேதி, ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், இத்தகைய பாகுபாடு அரசியலமைப்புக்கு முரணானது என்று நீதிபதி ஆண்டனி கென்னடி எழுதிய தீர்ப்பு கூறியது. கிரான்ஹோம் வழக்கு என்று இது அறியப்படுகிறது.

அதன்பின் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒயின் ஆலைகளுக்கு நேரடி அனுப்பும் உரிமம் வழங்கத் தொடங்கின. ஆலைகள் இவ்வாறு அனுப்பும் ஒயினின் மதிப்பு 2021இல் 400 கோடி டாலரைத் தாண்டியது.

இறக்குமதியாளர்களுக்கு இதில் பங்கு கிடைக்கவில்லை. நேரடி அனுப்பும் உரிமம் பொதுவாக, அமெரிக்காவில் ஒயின் தயாரிக்க மத்திய அனுமதி பெற்றவருக்கே வழங்கப்படுகிறது. போர்டோவிலோ டஸ்கனியிலோ இருக்கும் ஆலைக்கு அந்த அனுமதி இருக்க வாய்ப்பில்லை. அதன் ஒயினைக் கொண்டுவருபவர் தயாரிப்பாளரும் அல்லர். முதல் அடுக்கில் ஆலையோடு அருகருகே வைக்கப்பட்ட இறக்குமதியாளர், சலுகை என்று வந்தபோது வெளியே நிறுத்தப்பட்டார். அதைவிட முக்கியமானது, அதே தீர்ப்பில் மூன்றடுக்கு முறை ஐயத்திற்கு இடமின்றிச் சட்டபூர்வமானது என்று பொருள்படும் முந்தைய தீர்ப்பு ஒன்றின் கருத்தும் ஏற்கப்பட்டிருந்தது. ஆலைகளுக்கு வெற்றி தந்த தீர்ப்பின் இந்த ஒரு வரியே பிறருக்கு எதிரான வாதமாக இன்றுவரை பயன்படுகிறது.

கடைக்காரர்களின் வழக்குகள்

இறக்குமதியாளர் வீடுகளுக்கு விற்பதென்றால் சில்லறை உரிமம் பெற்றவராகத்தான் விற்க முடியும். எனவே வெளிமாநிலக் கடைகள் ஒயின் அனுப்பலாமா என்ற கேள்வியோடு அவரது எதிர்காலம் பிணைந்துவிட்டது. இன்று கடைகளுக்கு அந்த உரிமையை அளிக்கும் மாநிலங்கள் 15 அளவிலேயே உள்ளன.

2019 ஜூனில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு நம்பிக்கை ஊட்டியது. மதுக்கடை நடத்த உரிமம் கோருபவர் இரண்டு ஆண்டுகள் டென்னசியில் வசித்திருக்க வேண்டும் என்ற விதியை நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் ரத்து செய்தது. பாகுபாட்டுக்கு எதிரான கொள்கை ஆலைகளுக்கு மட்டும் உரியதல்ல, கடைகளுக்கும் பொருந்தும் என்று நீதிபதி சாமுவேல் அலிட்டோ எழுதினார்.

கீழ் நீதிமன்றங்கள் அதை அவ்வளவு தூரம் கொண்டு செல்லவில்லை. இண்டியானாவைச் சேர்ந்த கடை ஒன்று மிச்சிகனுக்கு ஒயின் அனுப்ப உரிமை கோரிய வழக்கை 6ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் நிராகரித்தது. மிச்சிகன் கடைக்காரர் அம்மாநில மொத்த வியாபாரியிடமிருந்தே வாங்க வேண்டும். வெளிமாநிலக் கடைக்காரர் அப்படி வாங்குவதில்லை. எனவே இருவரும் ஒரே நிலையில் இல்லை என்பது வாதம். 2021இல் மிசூரி தொடர்பாகவும், 2022இல் வட கரோலினா தொடர்பாகவும் வேறு மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் இதே திசையில் தீர்ப்பளித்தன. 2023இல் ரோட் ஐலண்ட் வழக்கில் மட்டும் 1ஆவது வட்டார நீதிமன்றம், மூன்றடுக்கு முறையின் பெயரைச் சொன்னால் போதாது, பொது சுகாதாரத்திற்கு இந்தத் தடை உண்மையில் உதவுகிறதா என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்று கூறி விசாரணை நீதிமன்றத்திற்குத் திருப்பி அனுப்பியது.

மாநிலங்களின் வாதத்தை வெறும் வணிகப் பாதுகாப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. உள்ளூர்க் கடைக்குள் ஆய்வாளர் நுழையலாம், கணக்கைப் பார்க்கலாம், 21 வயது நிரம்பாதவருக்கு விற்றால் உரிமத்தை ரத்து செய்யலாம். இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் கிடங்கை அப்படிச் செய்ய இயலாது. வரி வசூலும் மொத்த வியாபாரியிடம் குவிந்திருப்பது அரசுக்கு வசதி. ஆனால் இந்த ஆபத்துகள் அனைத்தும் கலிஃபோர்னிய ஆலை அனுப்பும் பெட்டிக்கும் பொருந்துபவை. அங்கு வரிப் பதிவு, ஆண்டு அறிக்கை, வீட்டுக்கு அனுப்பும் அளவுக்கு உச்சவரம்பு, பெற்றுக்கொள்பவரின் வயதுச் சான்று ஆகியவற்றின் மூலம் மாநிலங்கள் அவற்றைச் சமாளிக்கின்றன. பெட்டிக்குள் இருப்பது இத்தாலிய ஒயின் என்றால் மட்டும் அந்த ஏற்பாடு ஏன் பலனளிக்காது என்பதற்கு நிறைவான பதில் கிடைக்கவில்லை.

பிரிட்டனில் வேறு வழி

இதே சிக்கலை இங்கிலாந்தும் வேல்ஸும் வேறு விதமாகத் தீர்த்துள்ளன. அங்கு இறக்குமதியாளர் நேரடியாக வீடுகளுக்கு விற்பதைத் தடுக்கும் அடுக்கு முறை எதுவும் இல்லை. 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டத்தின்படி, விற்கும் இடத்திற்கு ஓர் உரிமமும், விற்பனைக்குப் பொறுப்பான நபருக்கு ஓர் உரிமமும் வேண்டும். லண்டனிலும் பிற நகரங்களிலும் ஆஃப் லைசன்ஸ் கடை நடத்தும் தமிழர்கள் பலர் அறிந்த நடைமுறைதான் இது. இணையத்தில் ஆர்டர் எடுக்கும் வணிகருக்கு எது விற்கும் இடம்? குறிப்பிட்ட பாட்டில் குறிப்பிட்ட வாடிக்கையாளருக்கு என்று எங்கு ஒதுக்கப்படுகிறதோ அந்த இடம், அதாவது கிடங்கு, என்கிறது சட்டம். அலுவலகத்திற்கு உரிமம் தேவையில்லை.

அதற்கு முன்பு ஒரு பெட்டி, அதாவது 12 பாட்டில்கள், அதற்குக் குறையாமல் விற்பது மொத்த விற்பனையாகக் கருதப்பட்டு உரிமத்திலிருந்து விலக்கு பெற்றிருந்தது. மஜெஸ்டிக் போன்ற ஒயின் கிடங்குகள் நீண்டகாலம் பன்னிரண்டுக்குக் குறைவாக விற்காததன் பின்னணி இதுவே. சட்டம் மாறிய பிறகும் அந்நிறுவனம் 2009இல்தான் குறைந்தபட்ச அளவை ஆறாக்கியது.

இரவல் உரிமம்

அமெரிக்க இறக்குமதியாளர்களில் பலர் காத்திருக்கவில்லை. சில்லறை உரிமம் வைத்திருக்க முடியாதவர்கள், உரிமம் உள்ள ஒரு கடையோடு ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். இறக்குமதியாளர் மின்னஞ்சல் பட்டியலையும் இணையப் பக்கத்தையும் நடத்துகிறார். ஒயினைப் பற்றி எழுதுகிறார். சுவைக்கும் நிகழ்ச்சிகள் நடத்துகிறார். சட்டத்தின் பார்வையில் விற்பவர் கடைக்காரர். சரக்கு மொத்த வியாபாரியின் கணக்கு வழியாகச் செல்கிறது. சில நேரங்களில் அவர் பெட்டியைப் பார்ப்பதுகூட இல்லை, ஆவணம் அவரிடம் ஒருமுறை நுழைந்து வெளியேறுகிறது, அதற்கு ஒரு கட்டணம்.

இம்முறை பாதுகாப்பானதா என்பது ஓரிரு விவரங்களைப் பொறுத்தது. ஆர்டரை ஏற்பதா மறுப்பதா என்ற முடிவு கடைக்காரருடையதாக இருக்க வேண்டும். விலையை இறுதி செய்பவர் அவராக இருக்க வேண்டும். பணம் அவரது கட்டுப்பாட்டில் உள்ள கணக்குக்குச் செல்ல வேண்டும். இவற்றில் தவறினால் உரிமமின்றி மது விற்றதாகவும், இறக்குமதியாளர் கடையைத் தன் பிடியில் வைத்திருப்பதாகவும் ஒரே நேரத்தில் இரண்டு குற்றச்சாட்டுகள் எழலாம். இரண்டாவது குற்றச்சாட்டு, பீர் ஆலைகளின் மதுக்கூடங்களைத் தடுக்க எழுதப்பட்ட அதே சட்டத்தின் கீழ் வருவது.

மாநில எல்லையைத் தாண்டி அனுப்புவது இதைவிடக் கடினமாகிவருகிறது. அமெரிக்க அஞ்சல் துறை மதுவை எடுத்துச் செல்வது ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தடை செய்யப்பட்டுள்ளது. மீதமிருப்பவை யுபிஎஸ், ஃபெட்எக்ஸ் ஆகிய இரு பெரும் கூரியர் நிறுவனங்கள். உரிமம் பெற்று, தங்களுடன் தனி ஒப்பந்தம் செய்துகொண்ட வணிகரிடமிருந்து மட்டுமே அவை ஒயினை ஏற்கின்றன. 21 வயது நிரம்பியவர் கையெழுத்திடாமல் பெட்டியை ஒப்படைப்பதில்லை. யாரிடமிருந்து யாருக்கு எத்தனை கிலோ மது கொண்டுவரப்பட்டது என்ற விவரத்தைக் கூரியர் நிறுவனங்கள் அளிக்க வேண்டும் என்று பல மாநிலங்கள் விதி செய்துள்ளன. அந்தப் பட்டியலைத் தங்கள் உரிமதாரர் பட்டியலோடு ஒப்பிட்டாலே அனுமதியின்றி அனுப்பும் கடைகளின் பெயர்கள் அதிகாரிகளுக்குக் கிடைத்துவிடும். தடை செய்த மாநிலங்களுக்கும் ஒரு காலத்தில் கண்டும் காணாமலும் ஒயின் அனுப்பிவந்த பல கடைகள், இப்போது இணையப் பக்கத்தில் வாடிக்கையாளரின் ஊரைக் கேட்டுவிட்டே அடுத்த படிக்கு அனுமதிக்கின்றன.